மேஸ்திரி கிட்டார்ல பாட்டக் காணோம்

...என் வீட்டுல நான் வாயத் தொறக்கக் கூடாதாம்மா! எப்படியிருக்குது நியாயம்? பஸ்ஸுல வேற எடமே இல்ல, கொஞ்சம் நவுந்துக்க, பை இருக்கட்டும், பரவால்ல.

பேசலாமாம். பாடத்தான் கூடாதாம். மீன் ஆயும்போது லேசா ஒரு இழு இழுத்தா போதும், "லூர்து, உஷ்!"ங்கிறாரு. கோயில் பாட்டுக்குழுவுல நான் பாட, அவரு கிட்டார் அடிக்க... அப்படித்தான எங்க கல்யாணமே ஆச்சு! அப்ப மட்டும் என் கொரலு இனிச்சுதாமா?

யாரா? எங்க வீட்டுக்காரருதான், ஆரோக்கியராஜ். மரக்காணத்துல உப்பளத்து மேஸ்திரி. இந்த வயசுல ஜாஸு கத்துக்கிறாரு! வெள்ளக்காரங்க பழைய பாட்டும்மா. ஒரே பாட்ட ஆளாளுக்கு இஷ்டத்துக்கு மாத்தி வாசிப்பாங்களாம். அதுவும் இவரு ஒத்த கிட்டார்ல. கட்டவெரல்ல பேஸுன்னு அடிக்கொரலு, நடுவுல நாலஞ்சு கம்பிய சேத்து அடிக்கிற கார்டு, மேல பாட்டு... மூணு பேரு வேலய ஒரே ஆளு பாக்கணும். வீட்டுல தண்ணிக்கொடம் தூக்கச் சொன்னா மட்டும் கை வலிக்கும்!

அதுக்காக வலது கையில நகம் வளக்குறாரும்மா. உப்புத்தண்ணி பட்டா உடஞ்சிடுமாம், கிளவுஸ் போட்டுக்கிட்டு பாத்தியில நிக்கிறாரு. அங்க உப்பு வார்ற பொம்பளைங்க சும்மா இருப்பாளுங்களா? "மேஸ்திரி, நெயில் பாலிஷ் வேணுமா?"ன்றாளுங்க. நானும் கேட்டேன்னு வெய்யி.

குயிலாப்பாளையத்துல சித்தார்த்தன்னு ஒரு மாஸ்டர்தான் கத்துக்குடுக்குறாரு. அங்க கெஸ்ட்ஹவுஸ்ல இன்னிக்கு சாயங்காலம் நம்ம ஆள தனியா வாசிக்கச் சொல்லிட்டாரு. பாட்டுக்குழு கெடயாது, கீபோர்டு கெடயாது. மொத தடவ. பாவம், சோறு எறங்கல மனுசனுக்கு.

போன வாரம் வீட்டுல வாசிச்சத போன்ல ரெக்கார்டு பண்ணி மாஸ்டருக்கு அனுப்பினாரு. "கார்டு பிரமாதம், பேஸு பிரமாதம். பாட்டு எங்கங்க? யாரோ ஒரு லேடிதான பாடுறாங்க?"ன்னுட்டாரு மாஸ்டர்!

அப்பதான் தெரியுது... மாசக்கணக்கா இவரு கார்டா அடுக்கிக்கிட்டு இருந்திருக்காரு, நான் அடுப்பாண்ட நின்னுக்கிட்டு பாட்டப் பாடிக்கிட்டு இருந்திருக்கேன். பாட்டுக்குழு பழக்கம்! பாட்டுக்குத்தான் ஆளு இருக்குதேன்னு, அத மட்டும் விட்டுட்டு மீதியெல்லாம் வாசிச்சிருக்காரு. சிரிக்காதம்மா.

அன்னியிலருந்துதான் இந்த உஷ். இன்னிக்கு கெளம்பும்போது, "நீ வராத லூர்து. நீ எதிர்ல இருந்தா பாட்ட உங்கிட்டயே விட்டுடுவேன்"னாரு. அழுகையே வந்துடுச்சு எனக்கு. மனசு கேக்கல, பின்னாடியே பஸ் ஏறிட்டேன். உள்ள போவ மாட்டேன், வெளி கேட்டாண்டயே நின்னுப்பேன். முந்தானைய வாயில வெச்சு அடச்சுப்பேன். சத்தியமா மூச்சு விட மாட்டேன்.

அப்பா, கடல்காத்து என்னமா வருது... ம்ம்... ம்ம்ம்ம்... ம்ம்...

என்னாம்மா? ஏன் எல்லாரும் இங்கயே பாக்குறாங்க? நானா? பாடினேனா? எப்பருந்து?

...மாதாவே.

என்னா, எழுந்துட்ட? குயிலாப்பாளையம் ஸ்டாப்பு வந்துடுச்சா? நானும் இங்கதான்... இல்ல. நீ எறங்கு. நான் கோட்டக்குப்பம் போயி அப்படியே வேற பஸ்ஸுல திரும்பிடுறேன். அவரு வாசிக்கட்டும்.

ஏம்மா! அந்தப் பக்கம் போனா ஒரு நிமிஷம் நின்னு கேளு. கிட்டார்ல பாட்டு வருதான்னு மட்டும்... போயிட்டா.

கண்டக்டரு, எனக்கு கோட்டக்குப்பம் ஒண்ணு குடுங்க. இல்லீங்க... இனிமே பாடல.