லைட்டு போட்டால் ஏறும் முள்

எனக்கு எழுத்து சரியாக வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், முன்சீட்டில் ஒரு மெக்கானிக்கும் பழைய கார் வைத்திருக்கும் ஒருவரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“லைட்டு போட்டா எஞ்சின் சூட்டு முள்ளு ஏறுதுண்ணா. அணைச்சா எறங்கிடுது.”

“அப்ப எஞ்சின் சூடாவுல தம்பி. எர்த்து ஒயரு லூசு. முள்ளு பொய் சொல்லுது.”

கார்க்காரர் குனிந்துகொண்டு சொன்னார்.

“அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு காணை ஊர்லேர்ந்து கார்ல கூட்டிக்கினு வந்தேன். வழி வுடட்டும்னு பகல்லயே லைட்ட போட்டேன். முள்ளு ஏறிச்சு. எஞ்சின் பூடுமேன்னு ஓரங்கட்டி ஆற வுட்டுக்கினு நின்னேண்ணா. ஆஸ்பத்திரி வாசல்லயே உசுரு போச்சு.”

விக்கிரவாண்டி தாண்டியதும் மெக்கானிக் அவர் பக்கம் திரும்பினார்.

“வண்டியப் பாக்காம சொல்லிட்டேன் தம்பி. நெசமாவே சூடாயிருக்கும். நீ நின்னது சரிதான்.”

அவர் முதலில் சொன்னது சரியா, பிறகு சொன்னது சரியா? கார் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.