எட்டாம் ஹென்றியின் சம்பந்திகள்

இன்னும் நெருங்கி உட்காருங்கள். என் சிநேகிதி பிரபாவதியின் சித்தப்பா மகள் எழில்மதிக்கு நடந்தது இது. ஐந்தாறு வருஷம் இருக்கும், நெய்வேலியில்.

இரவு எட்டு மணி. மந்தாரக்குப்பம் சாலை... ஆளே இல்லை. டியூஷன் முடித்து எழில்மதி கால் கெஞ்ச நடந்து வருகிறாள். தூரத்தில் நிலக்கரிச் சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட் கரகரவென்று ஓடுகிறது.

மறுநாள் தபால்வழி எம்.ஏ. பரீட்சை. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியின் வெளியுறவுக் கொள்கை. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். ஸ்பெயின் உறவுக்குக் கேத்தரின். அந்த உறவு கசந்தது, தள்ளிவைத்தான். பிரான்ஸ் பக்கம் சாய்ந்த நாளில் ஆன் போலின்... அவள் தலையே போயிற்று. ஜெர்மன் பிரபுக்களின் தயவுக்கு இன்னொரு ஆன். தயவு வேண்டாமென்றானதும் அவளும் வேண்டாம்.

எழில்மதிக்கு அலுப்போடு சிரிப்பு வந்தது. அவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணமும் அதே சங்கதிதானே! மாப்பிள்ளை துரைராஜ், மனைவியை இழந்தவர். அவருடைய அண்ணன் கான்ட்ராக்டர், எழில்மதியின் தம்பிக்கு வேலை தருவதாக வாக்கு. அப்பா கலியமூர்த்தி தலையாட்டிவிட்டார். மறுத்துப் பேச அவளுக்குத் தெம்பில்லை.

பக்கத்தில் மெட்டிச் சத்தம்... ணிங்... ணிங். மல்லிகை வாசம். ஒருத்தி கூடவே நடந்தாள்.

"ராசாவுக்கு எத்தினி பொண்டாட்டி?"

"ஆறுங்க."

"உன் மாப்ளைக்கு?"

"ஒருத்திங்க. செத்துட்டாங்க."

"இல்லம்மா, ரெண்டு பேரு."

திரும்பினாள். சாலைதான் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பு பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். வீட்டில் செத்த சுமங்கலிக்குப் புடவையும் பூவும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். மாப்பிள்ளையின் குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு புடவை வைத்தார்கள்.

"ரெண்டு புடவ வைக்கணுங்களே?" என்றாள் எழில்மதி.

துரைராஜின் முகம் வெளிறியது. "ஒண்ணு போதும்." கதவைச் சாத்தினார்.

உள்ளே... டர்ர்ர்... துணி கிழியும் சத்தம்.

திறந்தார்கள். புடவை மூன்று துண்டாகக் கிடந்தது. இரண்டு, ஓரமெல்லாம் கருகி. மூன்றாவது புத்தம் புதிதாக, மடித்து, வாசலைப் பார்க்க வைத்திருந்தது.

எழில்மதி அப்பாவின் கையைப் பிடித்தாள். "வேணாம்பா."

கலியமூர்த்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஏத்துக்கினாங்கம்மா. தம்பி பொழப்ப நெனச்சிப் பாரு."

படைத்த துணியை மணப்பெண் மேல் போர்த்துவது முறை. அந்த மூன்றாவது துண்டை எடுத்து அவரே மகள் தோளில் போட்டார்.

துணி சுட்டது.