கைப்பிடியில் தொங்கிய தடி

எனக்குத் தேநீரில் சீனி வேண்டாம், ஐயா. கித்துள் கருப்பட்டி இருந்தால் கடித்துக்கொண்டு குடிப்பேன். இல்லாவிட்டாலும் குறையில்லை.

பேராதனைச் சோதனைச்சாவடியில் என் சட்டைப் பையிலிருந்து எடுத்ததைக் குண்டுச் சாமான் என்று எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தான் பையில் எது இருந்தாலும் இந்தக் காலத்தில் அது குண்டுச் சாமான்தான். உங்களில் பிழை சொல்லமாட்டேன். ஆனால் அது எங்கள் எக்ஸ்ரே மெஷினுடையது.

கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மெஷின்கள் பழுதுபார்ப்பது நானும் தனபாலனும். மழை பொய்த்த இந்தத் தொண்ணூற்றாறில், கரண்ட் இல்லாத நேரமெல்லாம் பற்றரியில் ஓடும் தள்ளுவண்டி எக்ஸ்ரேதான் கைகொடுத்தது. பற்றரி மின்சாரம் ஒரே பக்கமாக ஓடும். அதன் வோல்ட்டேஜை ட்ரான்ஸ்ஃபோமரால் கூட்ட முடியாது. இன்வேர்ட்டர் அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டித் திருப்பும். அந்த வேகத்தால்தான் ட்ரான்ஸ்ஃபோமர் அரை இறாத்தல் பாண் அளவுக்குச் சிறுத்து, மெஷினைக் கட்டில் கட்டிலாகத் தள்ளிப்போக முடிகிறது. வெட்டுவதற்கான மின்சாரத்தைக் கெப்பாசிட்டர்கள் சேர்த்து வைத்திருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் வைத்திருக்கும்.

ரெசிஸ்டர் என்கிற ஒரு சின்னத் தடையி அதை மெல்ல வடித்துவிடும். அதை மட்டும் நம்பாமல், செப்பு முனைத் தடியால் தொட்டு மிச்சத்தையும் இறக்குவோம். இறக்கியவர் தடியை மெஷின் கைப்பிடியில் மாட்டுவார். தடி தொங்கினால் மற்றவர் பயமில்லாமல் கை வைக்கலாம். இது நாங்கள் இருவரும் வைத்துக்கொண்ட வழக்கம்.

தனபாலன் நாவலப்பிட்டிக்காரன். நல்ல பிள்ளை. அவன் வரும்வரை தாதி யசோதா என்னிடம்தான் வருவாள், "அண்ணே, மெஷின் மக்கர் பண்ணுது, வாங்க" என்று. அந்த 'அண்ணே'யை நான் பொருட்படுத்தவில்லை. அவன் வந்த பிறகு வாசலில் நின்றே, "அண்ணே, அவரு இல்லையா?" என்பாள். இருவருக்கும் தேநீர் கொண்டுவருவாள். என்னுடையதில் சீனி. அவனுடைய தட்டில் ஒரு துண்டு கருப்பட்டி. ஆவணியில் கல்யாணம் என்றார்கள். முதலில் அவனுக்குக் கைகொடுத்து வாழ்த்தியது நான்தான், ஐயா.

அன்று இன்வேர்ட்டர் பழுது. மூடியைக் கழற்றி வைத்தேன். தனபாலன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இறக்கிட்டீங்களாண்ணே?"

"ஓம், இறக்கியாச்சு. கை வையும்."

"தடியே தொங்குது, நான் வேற கேட்டுக்கிட்டு" என்று சிரித்துக்கொண்டே குனிந்தான்.

அந்தத் தடி கெப்பாசிட்டரைத் தொடவேயில்லை. பழைய மெஷின், விபத்து என்றார்கள். நானும் தலையாட்டினேன். நீங்கள் பையிலிருந்து எடுத்தது அந்தத் தடையிதான். மின்சாரம் வடிந்துபோகக்கூடாது என்று முதல் நாளே கழற்றிவிட்டேன். எறிய மனம் வரவில்லை.

செத்தவீட்டில் யசோதா எனக்குத் தேநீர் தந்தாள். சீனி போடவில்லை. தட்டில் ஒரு துண்டு கருப்பட்டி இருந்தது. வந்தவர்கள் எல்லோருடைய தட்டிலும் இருந்ததாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் அடுத்தவன் தட்டைப் பார்க்கிற ஆள் இல்லை, ஐயா. பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.