இரண்டாவது தட்டு

விடியற்காலை நாலரை மணி... சேக்காட்டில் ஒரு கடைசித் தெரு. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஆள் நடமாட்டமே இல்லை. நிர்மல், கதை கேட்கும்போது அந்த செல்போன் வெளிச்சத்தை அணையுங்கள். சிரிக்கிறதையும் நிறுத்துங்கள். இது என் தம்பியோடு வேலை பார்க்கிற யூஜின் வீட்டில் நடந்தது.

யூஜினின் அப்பா ராயப்பன், அம்மா ரோஸி. அவர்கள் வீட்டு சம்பில், அதாவது தரையடித் தொட்டியில், தண்ணீரைக் குழாயிலேயே பிடித்து நிறுத்துகிற ஃபுட் வால்வு கெட்டுப்போய், ராத்திரியில் குழாய்த் தண்ணீரெல்லாம் கீழே இறங்கிவிடும். காலையில் மோட்டார் வெறுமனே சுற்றும். நாமெல்லாம் செய்வதுதான்... ஒருவர் மோட்டாரில் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒருவர் ஸ்விட்ச் போட வேண்டும். வெளியே குழிக்குள் இருக்கிற மோட்டாரில் ஊற்றுவது ரோஸி. சமையலறையில் ஸ்விட்ச் பக்கத்தில் ராயப்பன். கத்தினால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழுந்துவிடும் என்று ரோஸி சொம்பால் குழாயைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் ஊற்றியாயிற்று. இரண்டாவது தட்டு என்றால் மூடியைத் திருகிக் கையை எடுத்தாயிற்று, இனி போடலாம்.

"அந்த வால்வ மாத்துய்யா," என்பாள்.

"ஞாயித்துக்கிழமை மாத்திடலாம் ரோஸி."

"ஆறு மாசமா அந்த ஞாயித்துக்கிழமை வந்துகினே கீது."

போன நவம்பரில் ஒரு நாள், மோட்டார் குழி முழுக்க மழைத் தண்ணீர். ணங்... ஒரு தட்டு. ராயப்பனுக்குத் தூக்கக் கலக்கம். போட்டுவிட்டார்.

பாவம், ஷாக் அடித்து உயிர் போனபோது அவள் கத்தக்கூட இல்லையாம்.

அப்புறம் அந்த மோட்டாரை யாரையும் தொடவிடவில்லை மனிதர். பக்கத்து வீட்டில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்தார்கள். முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின ராத்திரி யூஜின் சொன்னான்: "நாளைக்கு ஆளுங்க வருவாங்க நைனா. எலக்ட்ரீஷியன கூட்டியாறேன்."

நாலரைக்கு... ணங்.

யூஜின் சமையலறைக்கு ஓடினான். ஜன்னல் வழியே பார்த்தால், அப்பா குழியருகே உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் சொம்பு. இடது கை தண்ணீருக்குள்.

"தட்டிட்டேன் ரோஸி," என்று ஜன்னலைப் பார்த்து அழுகிறார். "போட்டுடு. நீயும் போட்டுடு."

ஸ்விட்ச் அசையவில்லை.

யூஜின் வெளியே பாய்ந்து அவரைப் பின்னால் இழுத்தான். தண்ணீரிலிருந்து கை வெளியே வந்தது. இன்னொரு கையிலிருந்த சொம்பு நழுவிக் குழாயில் மோதியது.

ணங்... இரண்டாவது தட்டு.

உள்ளே, யாருமில்லாத சமையலறையில்... டக்.

மோட்டார் ஓடியது. மேல் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ராயப்பன் மகனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அவசரப்பட்டுட்டேன்டா. அவ காத்துகினு இருந்தா பாரு... அவ காத்துகினு இருந்தா."

விடிந்த பிறகுதான் யூஜின் உள்ளே போனானாம். ஸ்விட்ச் மேல் நாலு விரல் பதிந்த ஈரம்... அதில் சம்புத் தண்ணீர் வாசனை.