அத்தான் கையால் மாட்டிய பிளக்குகள்

“இந்தப் பழைய பிளக்குல அப்படி என்னடி பாக்குற?” என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

எஞ்சின் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதாகச் சொன்னேன். கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. கரி படிந்திருந்தால் பெட்ரோலை அதிகம் குடிக்கிறது. சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் உள்ளே சூடு தாங்கவில்லை. அக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நீளமாக நான் பேசியது அவள் ஒருத்தியிடம்தான்.

மற்றவர்களிடம் எனக்காக அவள்தான் பேசுவாள். கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். இவளுக்கு இது வேண்டும், இது வேண்டாம் என்று அவள் சொல்வாள். எப்போதும் சரியாகவே சொன்னாள்.

வீட்டை ஒட்டியே அப்பாவின் கார் ஒர்க்‌ஷாப். அம்மா இல்லாத வீடு. சமையலையும் பார்த்துக்கொண்டு, அப்பா கேட்கும் ஸ்பேனரையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு அக்கா காலத்தை ஓட்டினாள். புதிதாக வேலைக்கு வந்த மெக்கானிக்குக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, அவளுக்கும்தான். அவர்தான் அத்தான். அவள் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போனால் அந்த வேலைகளுக்கு ஓர் ஆள் வேண்டும். காய்ச்சல் என்று கொஞ்ச நாள், வேலை என்று கொஞ்ச நாள், நான் பள்ளிக்குப் போவது அப்படியே நின்றது. டீச்சர் வீடு தேடி வந்தார்.

“நல்லா எழுதுற பொண்ணு. ஏன் அனுப்பல?”

அக்கா வழக்கம்போல எனக்காகப் பேசினாள். “அவளுக்குப் படிப்பு பிடிக்கலையாம் டீச்சர். வேணாம்னு அவளே சொல்லிட்டா.”

நான் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. கதவோரம் நின்றிருந்தேன். “அப்படியாம்மா?” என்று டீச்சர் என் பக்கம் திரும்பினார். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். டீச்சர் அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

இதற்காக நான் அக்காமேல் கோபப்படவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளை அப்படிச் சொல்ல வைத்தவர் அத்தான்தான் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அன்றிலிருந்து அக்கா பேசும்போதெல்லாம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அத்தான் என்னை சைலன்சர் என்று கூப்பிடுவார். “ஏய் சைலன்சர், வாய்ல என்ன பூட்டா? சாவி யாருகிட்ட இருக்கு?” என்பார். வண்டியை ரிப்பேருக்கு விட வந்தவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் மத்தியானம் அக்காவும், “சைலன்சர், சாப்பிட வாடி” என்றாள். எனக்குப் பசியில்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. புது பிளக்கை மாட்டுவதற்கு முன் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, மாட்டுகிறவரைத் தவிர இன்னொருவரும் பார்க்க வேண்டும். மரையும் உயரமும் ஒத்துப்போனால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைச் சூடான பிளக் என்போம். மூக்கு குட்டை என்றால் சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளிவிடும். அது குளிர் பிளக். வேகத்துக்காக மாற்றிய எஞ்சினுக்குக் குளிர் பிளக்தான் போட வேண்டும். சூடானதைப் போட்டால் நுனி கங்காகப் பழுத்து, பொறி தட்டுவதற்கு முன்பே பெட்ரோலைக் கொளுத்தும். பிஸ்டன் உருகி ஓட்டை விழும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. நீண்ட ஏற்றத்தில், ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே போகும்போதுதான் தெரியும்.

அத்தான் தன் காரின் எஞ்சினை வேகத்துக்காகத் தானே பிரித்து மாற்றியிருந்தார். மலைமேல் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்தினம் பிளக் மாற்ற உட்கார்ந்தார். அலமாரியிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

“பக்கத்துல வச்சுப் பாத்தீங்களா மாப்ள?” என்று அப்பா ஒரு வண்டிக்கு அடியிலிருந்து குரல் கொடுத்தார்.

“சைலன்சர் எடுத்துக் குடுத்தா கண்ண மூடிக்கிட்டு மாட்டலாம் மாமா. வாய்தான் ரிப்பேரு, கை சுத்தம்.”

அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். நான் எதையும் மாட்டவில்லை. அவரே விரலால் திருகி இறக்கி, அவரே ஸ்பேனர் போட்டு இறுக்கினார். நான் டார்ச் பிடித்தேன். வெளிச்சம் ஆடாமல் பிடித்தேன். ஒரு சுற்றுப் போய் வந்தவர், வண்டி பூ மாதிரி போகிறது என்றார்.

மறுநாள் மலைப்பாதையில், ஒரு லாரியைப் பாதி முந்தியிருக்கும்போது வண்டி இழுவையை விட்டுவிட்டது. எதிரே பஸ். அத்தான் அங்கேயே போய்விட்டார். நசுங்கிய வண்டியில் பிளக்கை யார் பார்க்கப் போகிறார்கள். வேகம்தான் காரணம் என்று எழுதி முடித்தார்கள்.

வண்டியில் அக்காவும் இருந்தாள். அவள் போவதாகவே இல்லை, கடைசி நேரத்தில்தான் ஏறினாள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அது சரியில்லை. அத்தான் பிளக் மாற்றுவதற்கு முன்பே அவள் பையில் துணிகளை மடித்து வைத்தது நான்தான். கிளம்பும்போது அவள் கண்ணாடியை இறக்கி, “என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? எதாவது சொல்லணுமா?” என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். எனக்குப் பேச வராது என்பது அவளுக்குத் தெரியாததா.

அவளுக்குத் தொண்டையில் அடி. குரல் போய்விட்டது. அது நான் நினைத்துச் செய்ததல்ல. வருத்தப்பட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

ஆஸ்பத்திரியில் அவளுக்காக நான்தான் பேசினேன். “நல்லா தூக்கம் வருதாம் டாக்டர்.” “வலி ஒண்ணும் இல்லையாம்.” அத்தானின் அண்ணன் வந்து, கொஞ்ச நாள் எங்களோடு இருக்கட்டும் என்று கூப்பிட்டார். “அக்காவுக்கு வர இஷ்டமில்லையாம்” என்றேன். அக்கா கட்டிலின் கம்பியைத் தட்டினாள். தலையணை சரியில்லை போலிருக்கிறது என்று சரிசெய்தேன். என் குரல் இவ்வளவு கணீரென்று இருக்கும் என்று எனக்கே தெரியாது.

தொண்டை ஆறிவிட்டது, இனிப் பேசலாம் என்று போன வாரம் டாக்டர் சொன்னார். அப்படியும் அக்கா என்னிடம் பேசவில்லை. கூச்சமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று சாயங்காலம் வீட்டில் பாலை ஆற்றிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். நான் எடுத்துக் கொடுத்த பிளக்கை, அதன் நீளமான பீங்கான் மூக்கை, பையை. எங்களுக்குள் ஒளிவுமறைவு இருந்ததில்லை. “அந்த ஆளு போனது நல்லதுக்குத்தான்க்கா. இனிமே நீ எதுக்கும் கஷ்டப்பட வேணாம். எல்லார்கிட்டயும் நானே பேசிக்கிறேன்” என்றேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். பால் அப்படியே இருந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் துணிகளை உருவிச் சுருட்டிக்கொண்டாள். செருப்பை மாட்டினாள்.

“எங்கம்மா கெளம்பிட்ட?” என்று வாசலில் இருந்த அப்பா கேட்டார்.

“கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரணுமாம்பா” என்று உள்ளேயிருந்து நான் சொன்னேன்.

அக்கா அப்பாவின் தோளை ஒருமுறை தொட்டாள். பிறகு தெருவில் இறங்கி, அத்தானின் அண்ணன் வீட்டுக்குப் போகும் பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போனாள்.