வில்ஃபின் கோட்டில் இருந்த பேட்ஜ்

எனாமல் பேட்ஜை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. மயிரிழை விரிசல் போதும், தண்ணீர் உள்ளே இறங்கி நிறம் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். வில்ஃபுக்குத் தெரியும். தெரிந்தும் அதைக் கோட்டில் குத்திக்கொண்டு மழையில் திரிந்தான்.

நாங்கள் இருவரும் முப்பது வருடமாகப் பழைய பேட்ஜ்களைச் சேர்த்தவர்கள். கோடையில் குடும்பம் குடும்பமாக வந்து தங்கும் கடற்கரை முகாம்களில், அந்தக் காலத்தில் ஆளுக்கொரு பேட்ஜ் கொடுப்பார்கள். எங்கள் ஊர் ஹெஸ்கெத் சாண்ட்ஸ் முகாம் இரண்டாம் உலகப் போருக்கு முந்தின கோடையில் கொடுத்தது ஒரு சிவப்புப் பறவை. அதுவரை நான் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வில்ஃபுக்கு அது சர்ச்சில் நடந்த பழைய சாமான் விற்பனையில், பழைய பொத்தான் டப்பாவுக்குள் கிடைத்தது.

"என்னடா நார்மன், புளிச்ச பாலைக் குடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?"

"அதைக் கண்ணாடிக்குள்ள வைடா."

"குத்திக்கத்தானேடா செஞ்சிருக்கான். நான் செத்தா நீ எடுத்துக்கோ."

மார்ச்சில், முகாமின் பழைய குப்பைக்குழியை அலை அரித்துத் திறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, கடல் வற்றிய நேரத்தில் போனோம். ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும்போது வில்ஃப் குறுக்கு வழியில் நடந்தான். சேற்றுமணல் அவனைத் தொடைவரை உள்ளே இழுத்துக்கொண்டது. பின்னால் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

"கையைக் குடுடா," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"முதல்ல பேட்ஜைக் கழட்டு. உப்புத்தண்ணி பட்டா போச்சு."

"பைத்தியக்காரா. இந்தா, பிடி. இப்ப இழு."

பேட்ஜைக் கைக்குட்டையில் சுற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். பையில் போட்டால் கீறல் விழும். பிறகு கரையைப் பார்த்து நடந்தேன். ஆள் கூட்டிவரப் போகிறேன் என்று நினைத்திருப்பான். "சீக்கிரம் போடா" என்றுதான் முதலில் கத்தினான். அப்புறம் என் பெயரை மட்டும். கைபேசி என்னிடம் இருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் அவன் மனைவி டோரீன் போன் செய்தாள். "நார்மன், இவரு அங்க வந்தாரா?"

"இல்லையே டோரீன்."

உடல் ஒதுங்கிய பிறகு, அந்தப் பேட்ஜோடு அவனைப் புதைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கரை நெடுகக் குனிந்து தேடினாள். பிளாஸ்க்கில் டீ எடுத்துப்போய்க் கொடுத்து நானும் கூடவே தேடினேன். ஒருநாள் மழைக்கு என் வீட்டில் ஒதுங்கியவள், கண்ணாடிப் பெட்டியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதை நீங்க கழட்டினீங்களா?"

"அவனே கழட்டிக் குடுத்தான்."

"அப்போ உயிரோட இருந்திருக்காரு," என்றாள். குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு நீங்கள் வந்தீர்கள்.

அவனை நான் தள்ளிவிடவில்லை மேடம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சேற்றில் மாட்டியவனை இழுக்க இரண்டு கையும் வேண்டும். எனக்கு ஒரு கைதான் காலியாக இருந்தது.