இரண்டாம் வகுப்பு ‘ஏ’ பிரிவின் வானிலை

— சூரியன்ல ஒரு பிள்ளையைக்கூடக் காணோமே, ரோஹிணி மிஸ்? எவ்வளவு பெரிய சூரியன். தர்மாகோலே ரெண்டு அட்டை ஆகியிருக்கும் போலிருக்கு.

— கிண்டல் பண்ணத்தான் வந்தீங்கன்னா கிளம்புங்க, ஷீலா மிஸ். உதவி பண்றதா இருந்தா அந்தத் துணி கிளிப் டப்பாவை இப்படி நகர்த்துங்க. நாளைக்குக் காலைல காட்டாங்குளத்தூர்லேர்ந்து அந்த மேடம் வர்றாங்க, சிறந்த வகுப்பறை எதுன்னு பார்க்க. உள்ள நுழைஞ்சா முதல்ல இந்தச் சுவர்தான் கண்ணுல படும்.

— படட்டுமே. என் பி செக்‌ஷன்ல என்ன இருக்கு? ஒரு காலண்டர். அதுவும் நகைக்கடை காலண்டர். என் பக்கம் யாரும் திரும்பப் போறதில்ல, நிம்மதி. ஆனா இந்தச் சுவரை எனக்கு ஒரு தடவை விளக்கிடுங்க. மேடம் என்னை நிறுத்திக் கேட்டா நான் முழிக்கக் கூடாது பாருங்க.

— ஆக்சுவலி ரொம்ப சிம்பிளான கான்செப்ட். ஒவ்வொரு பிள்ளையோட போட்டோவும் ஒரு கிளிப்ல இருக்கு. ஹோம்வொர்க் முடிச்சு, அமைதியா உக்காந்தா சூரியன். கொஞ்சம் வால்தனம்னா மேகம். சொன்ன பேச்சு கேக்கலைன்னா மழை. ரொம்ப மோசம்னா இடி. தன் நடத்தையைப் பிள்ளை தானே கண்ணால பார்த்துத் தானே திருத்திக்கணும். அமெரிக்காவுல, ஓஹையோல ஒரு டீச்சர் வீடியோ போட்டிருந்தாங்க. அவங்க கிளாஸ்ல ஒரே மாசத்துல எல்லாரும் சூரியனுக்கு வந்துட்டாங்களாம்.

— வராம என்ன செய்வாங்க? அங்க பாதி வருஷம் பனி கொட்டும். வெயில் வந்தா பாயை விரிச்சுப் படுத்துக்கறவங்க. நீங்க மே மாசம் தாம்பரத்துல வேர்க்குரு பவுடர் இல்லாம பஸ் ஏறிப் பாருங்க, தெரியும். நல்ல பிள்ளைக்கு வெயிலைப் பரிசாக் குடுத்து, கெட்ட பிள்ளைக்கு மழையைத் தண்டனையாக் குடுத்திருக்கீங்க. நம்ம ஊர்ல மழைன்னா லீவு, மிஸ். எந்தப் பிள்ளைக்கு அது தண்டனை?

— எல்லாம் தெரிஞ்ச மாதிரிப் பேசாதீங்க. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் ஒழுங்காத்தான் இருந்தது. ஐப்பசி பொறந்ததும்தான் என்னவோ ஆயிடுச்சு.

— ஐப்பசி பொறந்ததும் இல்ல. உமேஷ் ஹோம்வொர்க் எழுதாம வந்ததும். ஸ்கூல் பூரா தெரிஞ்ச கதை, உங்களுக்கு மட்டும் தெரியல. சொல்லட்டுமா?

— சொல்லுங்க. கைதான் ரெண்டும் பசை. காது சும்மாத்தானே இருக்கு.

— ஒரு திங்கக்கிழமை அந்தப் பய வெறும் நோட்டோட வந்தான். நீங்க அவன் போட்டோவைத் தூக்கி மழைல மாட்டினீங்க. மூஞ்சி தொங்கிப் போச்சாம். அவனைப் பார்த்துச் சிரிச்ச கூட்டாளிங்களையும் அதே மழைக்கு அனுப்பினீங்க. அன்னிக்கு சாயங்காலம் பிடிச்சது பாருங்க, விடிய விடிய ஊத்து ஊத்துன்னு ஊத்திச்சு. காலைல டிவில, பள்ளிகளுக்கு விடுமுறை. லீவு முடிஞ்ச மறுநாள் உமேஷ் வேன்லேர்ந்து எப்படி இறங்கினான் தெரியுமா? மாப்பிள்ளை கார்லேர்ந்து இறங்கற மாதிரி இறங்கினான். நான் மழைக்குப் போனேன், மழை வந்துச்சுன்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டே வந்தான். அன்னிலேர்ந்து உங்க சுவர்தான் அதுங்களுக்கு வானிலை மையம்.

— அதுக்காக மொத்த கிளாஸுமா? ரெண்டாங் கிளாஸ் பிள்ளைங்களுக்கு இவ்வளவு விவரம் கிடையாது. யாரோ ஏத்தி விட்டிருக்காங்க.

— ம்.

— என்ன ம்? ஷீலா மிஸ்?

— ஒண்ணுமில்ல. ஒருநாள் நீங்க லீவு போட்டீங்க, நான் இந்தக் கிளாஸைப் பார்த்துக்கிட்டேன் இல்ல? அப்ப உமேஷ் வந்து கேட்டான், எல்லாரும் மழைக்குப் போயிட்டா பெரிய லீவு கிடைக்குமா மிஸ்னு. நானும் சும்மா விளையாட்டுக்கு, ஆமாடா, ஒரு ஆள் பாக்கியில்லாம போனா ஒரு வாரம் லீவுன்னு சொல்லி வெச்சேன்.

— நல்லா இருக்குங்க உங்க விளையாட்டு. போன வாரம் டிக்டேஷன் வெச்சேன். அத்தனை பேரும் வெறும் தாளை நீட்டறாங்க. நித்யஸ்ரீ, ஃபர்ஸ்ட் ராங்க் வாங்கற பொண்ணு, என் புடவையைப் பிடிச்சுக்கிட்டு, மிஸ் மிஸ், என்னை இடியில போடுங்க மிஸ்னு கெஞ்சறா. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.

— இடின்னா மரம் விழும், கரண்ட் போகும். லீவு கெட்டியாக் கிடைக்கும்னு ஒரு கணக்கு. நல்லாப் படிக்கற பொண்ணுன்னா சும்மாவா.

— நீங்க சிரிங்க. கரஸ்பாண்டென்ட் ஸ்ரீரங்கன் சார் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். நாளைக்கு எந்த கிளாஸ் ஜெயிக்குதோ அந்த டீச்சர்தான் கோவிலம்பாக்கம் புது கிளைக்கு கோஆர்டினேட்டர். அங்க எல்லாச் சுவரும் அவங்க சொல்ற மாதிரிதான் வரும்னார். எத்தனை வருஷம்தான் நானும் ரெண்டாங் கிளாஸ்ல மூக்கு சிந்தி விட்டுக்கிட்டே இருக்கறது? எனக்கு அந்த வேலை வேணும், ஷீலா மிஸ். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், வேணும்.

— சரி, கிடைக்கட்டும். முதல்ல அந்த ஃபேனைப் போடுங்க. வேர்த்துக் கொட்டுது.

— ஃபேன் போட முடியாது. ஃபேனைச் சுத்திக் கிரகம் எல்லாம் தொங்குது. சனியோட வளையம் றெக்கையில மாட்டிக்கும்.

— ஜன்னலையாவது திறங்களேன்.

— ஜன்னல் மேலதான் உயிரெழுத்து ஒட்டியிருக்கேன். திறந்தா ஔ கிழிஞ்சிடும்.

— அது சரி. காத்தும் இல்ல, வெளிச்சமும் இல்ல, அறிவு மட்டும் வளரணும். அந்த மூலைல என்ன, கயிறு கட்டி வெச்சிருக்கீங்க? சாமி சன்னதி மாதிரி.

— வாசிப்பு மூலை. பிள்ளைங்க அவங்களுக்குப் பிடிச்ச புத்தகத்தை அவங்களே எடுத்துப் படிக்கறதுக்கு.

— கையில எடுக்க வரலியே.

— ஒட்டி வெச்சிருக்கேன். எடுத்து எடுத்துக் கலைச்சுடறாங்க. மேடம் போனப்புறம் பிரிச்சு விட்டுடுவேன்.

— யம்மா. சுத்தாத கிரகம், பிரியாத புத்தகம். இது வகுப்பறை இல்ல, மிஸ், கல்யாண மண்டபம். பிள்ளைங்க வந்துதான் அழுக்குப் பண்ணிடுதுங்க. ஆமா, இந்த ‘என் குடும்பம்’ படமெல்லாம் வரிசையா அழகா மாட்டியிருக்கீங்களே, இது ஒண்ணு மட்டும் ஏன் குப்பைக்கூடைல கிடக்கு?

— அது எழிலோடது. நல்லாப் பாருங்க, அம்மா, அப்பா, அவ, மூணு பேரும் வாசல்ல நிக்கறாங்க. நாய் மட்டும் மொட்டை மாடியில நிக்குது. வீட்டை விடப் பெரிய நாய். நாயைக் கீழ வரைம்மா, குடும்பத்தோட சேர்த்து வரைன்னு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். மாட்டேன்னுட்டா. வாயே திறக்காத பொண்ணு, இதுல மட்டும் அப்படி ஒரு பிடிவாதம். அளவும் சரியில்ல, இடமும் சரியில்ல. அதைப் போய் எப்படி மாட்டறது?

— பம்மல்ல நான் குடுக்கற வாடகைக்கு எனக்கே மாடி போர்ஷன் கிடைக்கல. அவ நாய்க்குக் கிடைச்சிருக்கு, குடுத்து வெச்ச நாய். எழில் யாரு, அந்த ஏரிக்கரைத் தெருவுலேர்ந்து வர்ற குட்டிப் பொண்ணா?

— அவளேதான். சூரியன்ல கடைசி வரைக்கும் இருந்தது அவ ஒருத்திதான், தெரியுமா? ஒரு பிள்ளையாவது என் கான்செப்டைப் புரிஞ்சுக்கிச்சேன்னு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன். எல்லாருக்கும் முன்னாடி வந்துடுவா. கை கட்டச் சொன்னா, அவிழ்க்கச் சொல்ற வரைக்கும் அவிழ்க்க மாட்டா. சாயங்காலம் வேன் ஏறறதுக்கு முன்னாடி ஓடி வந்து, தன் கிளிப் சூரியன்லதான் இருக்கான்னு தொட்டுப் பார்த்துட்டுத்தான் போவா.

— அப்படிப்பட்ட பொண்ணை இப்ப சூரியன்ல காணோமே. எங்க அனுப்பினீங்க?

— இடிக்கு.

— நல்ல பிள்ளையை இடிக்கா? ஏன்?

— இன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வர்றேன், டிபன் டப்பாவைத் திறக்காம உக்காந்து, உமேஷ் நோட்டுல இவ ஹோம்வொர்க் எழுதிக்கிட்டிருக்கா. பக்கத்துல நித்யஸ்ரீ நோட்டு, அவங்க நோட்டு, இவங்க நோட்டுன்னு ஒரு கட்டு இருக்கு. அழுதுக்கிட்டே எழுதறா. ஏன்டி எழுதறேன்னு கேட்டா, எல்லாரையும் சூரியனுக்குக் கூட்டிட்டு வந்துடறேன் மிஸ்ங்கறா. எனக்கும் மனசு இளகத்தான் செஞ்சுது. ஆனா ரூல்னா ரூல்தானே? அடுத்தவங்க நோட்டுல எழுதறது ரொம்ப மோசத்துலதான் வரும். எல்லார் முன்னாடியும் அவ கையாலயே கிளிப்பைக் கழட்டி இடியில மாட்டச் சொன்னேன்.

— மாட்டினாளா?

— கழட்டறதுக்கு முன்னாடி சூரியனை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கிட்டா. ஆனா மாட்டினா. அவ மாட்டினதும் மத்த பிள்ளைங்க பண்ணின ஆர்ப்பாட்டத்தைக் கேக்கணுமே. கடைசி ஆளும் வந்தாச்சு, ஒரு வாரம் லீவுன்னு உமேஷ் பெஞ்சு மேல ஏறி ஆடறான். எல்லாம் உங்க கைங்கர்யம்.

— வராண்டாவுல போய் எட்டிப் பாருங்க, மிஸ். கிழக்கால எப்படிக் கறுத்துக்கிட்டு வருதுன்னு. சும்மா சொல்லக் கூடாது, உங்க சுவர் நல்லாவே வேலை செய்யுது. நாளைக்கு லீவு விட்டுட்டாங்கன்னா உங்க மேடமும் வர மாட்டாங்க.

— வாயைக் கழுவுங்க. மேடம் வருவாங்க. நான் இப்ப எல்லாரையும் பிரிச்சு மாட்டிடப் போறேன். பாதிப் பேர் சூரியன், கொஞ்சம் பேர் மேகம், மழைல ஒண்ணு ரெண்டு. அப்பத்தான் பார்க்கறவங்களுக்கு நிஜம் மாதிரி இருக்கும்.

— உமேஷ்?

— சூரியன். மேடம் போற வரைக்கும். அவங்க அப்பா பேரன்ட்ஸ் கமிட்டில இருக்கார், அவரும் நாளைக்கு வர்றார்.

— பலே. எழில்?

— அவ இடியிலயே இருக்கட்டும். அங்கயும் ஒரு ஆள் இருந்தாத்தானே கான்செப்ட் முழுசாப் புரியும். வேற யாரை வெச்சாலும் அவங்க அம்மா வந்து சண்டை போடுவாங்க. எழில் சத்தம் போடாத பொண்ணு.

— உங்களுக்குக் கோஆர்டினேட்டர் வேலை கண்டிப்பாக் கிடைச்சிடும், ரோஹிணி மிஸ். அதுக்கு வேண்டிய எல்லா லட்சணமும் வந்துடுச்சு.

— தாங்க்ஸ். போன் அடிக்குது, யாருன்னு பாருங்க. என் கை ஒட்டுது.

— ‘எழில் அம்மா பேபி’ன்னு வருது.

— போச்சு. அழுதுக்கிட்டே போய்ச் சொல்லியிருப்பா. ஸ்பீக்கர்ல போட்டு இப்படிப் பிடிங்க.

— அலோ, மிஸ்ஸா? நான் எழிலு அம்மா பேபி பேசுறேன். இன்னா மிஸ்ஸு சொல்லி அனுப்சீங்கோ என் பொண்ணாண்ட?

— வணக்கம்மா. ஆக்சுவலி அது சின்ன ஒழுக்க விஷயம். பிள்ளை தன்னைத் தானே திருத்திக்கணும்னுதான்...

— நல்லா திருந்திகீது போ மிஸ்ஸு. தெருவே என் வூட்டு வாசல்ல நின்னுகினு கத்துது. வேன்ல இருந்து எறங்குனவ முதுவுல இருந்த பையக்கூட கழட்டல. தெருவுல கட்டி வெச்சிருந்த நாயி, ஆடு, பக்கத்து வூட்டு சவுரிமுத்து அண்ணனோட கன்னுக்குட்டி, ஒண்ணு பாக்கி இல்லாம அவுத்து வுட்டுகினே போய்கீறா. கன்னுக்குட்டி மெயின் ரோடு வரைக்கும் போய்ட்டுகீது. அந்த அண்ணன் தேடிகினு ஓடுறாரு. ஒரே பேஜாரா பூட்ச்சு.

— ஷீலா மிஸ், சிரிக்காதீங்க, அவங்களுக்குக் கேக்கும். சொல்லுங்கம்மா, அவ எதுக்கு அப்படிப் பண்ணினா?

— அத்தத்தான் நானும் கேட்டேன். முதுவுல ரெண்டு வெச்சேன், அப்பவும் அடங்க மாட்டேன்றா. எல்லாரும் மழைக்குப் பூட்டாங்கோ, மிஸ்ஸு என்னியும் இடில மாட்ட சொன்னாங்கோ, இன்னிக்கு ஏரி ஒடைஞ்சிடும்னு ஒரே அழுவ. மெய்யாலுமா மிஸ்ஸு? ஏதாச்சும் சொல்லிகீறாங்களா? சாமான மேல ஏத்தணுமா?

— ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அது அட்டையில செஞ்ச மழை. பிள்ளைங்க நல்லா நடந்துக்கறதுக்காகச் சுவர்ல ஒரு அலங்காரம், அவ்வளவுதான். அவகிட்ட நீங்களே எடுத்துச் சொல்லுங்க. அது சரி, மழை வர்றதுக்கும் ஊர் நாயை எல்லாம் அவிழ்த்து விடறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?

— அது வந்து மிஸ்ஸு... முன்ன ஒரு வாட்டி எங்க தெருவுல வெள்ளம் பூந்துச்சுல்ல, அப்போ தண்ணி இடுப்புக்கு வந்துட்ச்சுன்னு புள்ளைய தோள்ல தூக்கினு மொட்ட மாடிக்கு ஓடுனோம். வாசல்ல சங்கிலில கட்டியிருந்த எங்க நாயி மணிய அவுத்து வுட மறந்துட்டோம்.